மீன் மாட்டாத வீடியோவை ஏன் கடைசிவரை பார்க்கிறார்கள்?

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவரின் கேள்வி இது: "வேட்டை நிகழ்ச்சி, மீன்பிடி நிகழ்ச்சி எது போட்டாலும் பார்ப்பேன். ஆனால் சிலருடையதை விடாமல் பார்க்கிறேன், சிலரைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. பார்க்கிறவர்களுக்கு இந்த நிகழ்ச்சிகளிலும் அதை நடத்துகிறவர்களிடமும் எது பிடிக்கிறது, எது பிடிக்காமல் போகிறது? நானும் நண்பனும் எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டு ஒரு சேனல் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்."

ராயபுரத்தில் வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்துக்கு நடுவே காசிமேட்டுப் பையன்கள் போனிலும் கோப்ரோவிலும் எடுத்துவரும் கடல் வீடியோக்களையும் வெட்டி ஒட்டித் தருகிறேன். அப்பா லாஞ்சில், அதாவது விசைப்படகில், கடலுக்குப் போனவர். அமெரிக்க வேட்டை நிகழ்ச்சிகளை ராத்திரி இரண்டு மணி வரை பார்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு, வீட்டில் அதற்குத் திட்டும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விஷயம் தெரிந்த ஒருத்தர் தன் வேலையைச் செய்வதைப் பார்க்க ஜனங்களுக்கு அலுக்கவே அலுக்காது. மீன் பெரியதா சின்னதா, மான் விழுந்ததா ஓடியதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நடிக்கிறார் என்று சந்தேகம் வந்துவிட்டால், அந்த நிமிடமே விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். நீங்கள் கேட்ட எரிச்சலுக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வரைபடம் வரும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள், எந்த இடத்தில் கூட்டம் எழுந்து போகிறது என்று அதில் தெரியும். பையன்கள் அதை என்னிடம் காட்டி "அண்ணே, இங்க ஏன் விழுது?" என்று கேட்பார்கள். பார்த்தால், மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் இடத்தில்தான் விழும். இரை கோர்க்கும் இடத்தில் விழாது. தக்கை லேசாக ஆடி, ஆள் எழுந்து நின்று, அப்புறம் ஒன்றும் இல்லாமல் உட்காரும் இடத்திலும் விழாது. வலை ஏறும்போது வரைபடக் கோடு நேராக நிற்கும், வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது இன்னும் நேராக நிற்கும். மீன் வந்தாச்சு என்றதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், அடுத்து அடுப்பு வந்தால் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். மீனே மாட்டாத வீடியோ ஒன்று, மாட்டிய வீடியோவைவிட நன்றாக ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அதில் அந்தப் பையன் ஏன் மாட்டவில்லை என்று தண்ணீரைக் காட்டிக் காட்டிச் சொன்னான்: கலங்கல் எங்கிருந்து வருகிறது, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, பொடிமீன் ஏன் ஒதுங்கிவிட்டது என்று. வேறு ரகசியம் எதுவும் அதில் இல்லை.

நம் ஊரில் காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் துப்பாக்கி, வில், மான், கரடி எல்லாம் வரும் நிகழ்ச்சிகள் நமக்கு வெளிநாட்டுச் சரக்குதான். நமக்கு வேட்டை என்றால் கடல். ஆனாலும் அந்த அமெரிக்க நிகழ்ச்சிகளை அவர்களே எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். அங்கே பார்வையாளர்களில் பெரும்பகுதி தாங்களே வேட்டைக்குப் போகிறவர்கள். வேட்டை வேண்டாம் என்பவர்களைவிட, வேட்டைக்காரர்கள் வைக்கும் குறைதான் காரமாக இருக்கும்.

முதல் குறை விளம்பரம். அவுட்டோர் சேனல், ஸ்போர்ட்ஸ்மேன் சேனல் மாதிரி இடங்களில் பல நிகழ்ச்சிகளுக்கு சேனல் காசு கொடுப்பதில்லை. நடத்துகிறவரே அரைமணி நேரத்தை விலைக்கு வாங்குகிறார். அப்புறம் வில் கம்பெனி, தோட்டா கம்பெனி, காட்டில் ஆள் தெரியாமல் இருக்க இலைப்படம் போட்ட சட்டை விற்கும் கம்பெனி என்று ஸ்பான்சர் பிடித்து அந்தக் காசை எடுக்க வேண்டும். இது தெரிந்தால் திரையில் நடக்கும் பாதி விஷயத்துக்குக் காரணம் புரிந்துவிடும். மரத்தின் மேல் கட்டிய பரணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர், கீழே மான் வந்து நிற்கும்போதும் சட்டையின் பெயரைக் கிசுகிசுப்பது ஏன்? சட்டைதான் அவருக்கு வாடகை கட்டுகிறது.

ஸ்பான்சருக்கு விழுந்த மான் வேண்டும், கொம்பு பெரிதாகவும் வேண்டும். அதனால் சிலர் உயரமான வேலி போட்ட பண்ணைக்குள் போய், தீனி போட்டு வளர்த்த மானைச் சுட்டுவிட்டுக் காட்டில் சுட்டது மாதிரிக் காட்டுவார்கள். இதைக் கண்டால் அங்கே அனுபவசாலிகளுக்குக் கோபம் தலைக்கேறும். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்று ஒன்று இருக்கிறது, பெரிய கொம்புகளின் அளவைப் பதிந்து வைப்பவர்கள். விலங்கு தப்பிக்க முடியாத வேலிக்குள் சுட்டதை அவர்கள் பதிவிலேயே சேர்ப்பதில்லை. விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தால்தான் அது வேட்டை என்பது அவர்கள் கணக்கு. பார்க்கிறவன் கணக்கும் அதுதான். வாய்ப்பே இல்லாத இடத்தில் திறமை எங்கே இருக்கிறது?

நடத்துகிறவரே விதியை மீறி மாட்டிக்கொண்ட கதைகளும் உண்டு. ராக் கிதார் கலைஞர் டெட் நியூஜென்ட் 'ஸ்பிரிட் ஆஃப் த வைல்ட்' என்று ஒரு வேட்டை நிகழ்ச்சி நடத்தினார். 2010-இல் அதில் கலிபோர்னியாவில் ஒரு சின்ன மானைக் கொன்றதைக் காட்ட, அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் விசாரணையே தொடங்கினார்கள். தீனி வைத்து மானை வரவழைத்தது அங்கே குற்றம். எதிர்த்து வாதாடாமல் அபராதம் கட்டினார். 2012-இல் அலாஸ்காக் கரடி விவகாரம். 2009-இல் நிகழ்ச்சிக்காகப் படமெடுத்தபோது ஒரு கருங்கரடியை அம்பால் அடிக்க, அது காயத்தோடு ஓடிவிட்டது. சில நாள் கழித்து இன்னொன்றைக் கொன்றார். அந்தப் பகுதியில் காயப்பட்டு ஓடியதும் ஒரு கரடியாகக் கணக்கில் சேரும், ஆளுக்கு ஒன்றுதான் அனுமதி. 10,000 டாலர் அபராதம். தன் குற்றத்துக்குத் தானே காசு போட்டுச் சாட்சி எடுத்து ஊருக்கெல்லாம் ஒளிபரப்பிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதைவிட மோசமாகக் கவிழ்ந்தது 'அண்டர் வைல்ட் ஸ்கைஸ்'. 2013 செப்டம்பரில் அதன் தொகுப்பாளர் டோனி மக்ரிஸ் போட்ஸ்வானாவில் யானையைச் சுட்டு, அப்புறம் ஷாம்பெயின் குடித்துக் கொண்டாடியதை என்பிசி ஸ்போர்ட்ஸில் காட்டினார்கள். ஊர் கொதித்தது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். எதிர்த்தவர்களை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பேசினார், சேனல் நிகழ்ச்சியையே தூக்கிவிட்டது. வேட்டையை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கும் அந்தக் கொண்டாட்டம் ஒப்பவில்லை. உயிர் போன இடத்தில் குதிப்பதைப் பார்க்க யாருக்கும் கூசும். கண்ணப்ப நாயனாரைக் கும்பிடுகிற நமக்கு வேடன் மேல் வெறுப்பு கிடையாது. அடித்துவிட்டு ஆடுகிறவன் மேல்தான் வெறுப்பு.

இந்தக் குறைகளுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஸ்டீவன் ரினெல்லா. அவருடைய 'மீட்ஈட்டர்' 2012-இல் ஸ்போர்ட்ஸ்மேன் சேனலில் தொடங்கி 2018-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. வேட்டையே பிடிக்காதவர்கள்கூட அவரை உட்கார்ந்து பார்ப்பார்கள். ஏன் என்று யோசித்தால் பெரிய தந்திரம் எதுவும் கிடையாது. நாள் முழுக்க மலை ஏறிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் அதையும் காட்டுவார். இந்தச் சரிவில் விலங்கு ஏன் காலையில் நிற்கும், மாலையில் ஏன் நிற்காது என்று சொல்லிக்கொடுப்பார். அடித்ததைக் காட்டிலேயே கூறுபோட்டுச் சமைத்துச் சாப்பிடுவார். ஈரல், இதயம், நாக்கு எதையும் எறிய மாட்டார். வஞ்சிரத்தின் தலையைக் குழம்புக்குக் கேட்டு வாங்குகிற ராயபுரத்துக்காரனுக்கு அது போதாதா?

சாப்பாடு வந்தால் பார்க்கிறவனின் மனசாட்சி லேசாகிவிடும். கொன்றதற்கு ஒரு காரணம் கண் முன்னால் தட்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் சமையல் வீடியோவுக்கு எவ்வளவு இழுப்பு என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலே சாட்சி. 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை, வேலை நடக்கிறது, கடைசியில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

'டக் டைனஸ்டி' பற்றி இரண்டு வரி. லூசியானாவில் வாத்து வேட்டைக்கு ஊதல் செய்து விற்கும் குடும்பத்தின் கதை. 2013 ஆகஸ்டில் ஒரு பகுதியை 1 கோடியே 18 லட்சம் பேர் பார்த்தார்கள். வாத்துக்காகப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம், அந்தத் தாடிக் குடும்பத்தின் கேலிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் பார்த்தவர்களே அதிகம். அதே வருடம் டிசம்பரில் வீட்டுப் பெரியவர் ஒரு பேட்டியில் தன்பாலின உறவாளர்களைப் பற்றிப் பேசிய பேச்சால் சேனல் அவரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தது. ஆளுக்காகக் கூடும் கூட்டம் ஆளின் வாயாலேயே கலையும். நீங்களும் நண்பனும் கேமரா முன்னால் உட்கார்ந்து அரசியல், சாதி, கிரிக்கெட் சண்டை போடாமல் இருந்தால் நல்லது.

இனி நம் வீட்டு டிவிக்கு வருவோம். டிஸ்கவரி தமிழ் பேசத் தொடங்கியபோது வடசென்னையில் பையன்கள் மட்டுமல்ல, பாட்டிகளும் பார்த்தார்கள். காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று காட்டும் பியர் கிரில்ஸ் புழுவைத் தின்றுவிட்டு 'புரதம்' என்று சொன்னதைத் தெருவில் நடித்துக் காட்டாத பையன் இருக்க மாட்டான். அவருடைய வேகம், துணிச்சல், எதையும் சாப்பிடும் வயிறு எல்லாம் பிடித்தது. ஆனால் 2007-இல், காட்டில் தனியாகத் தங்குவதாகக் காட்டிய சில இரவுகளில் அவர் ஹோட்டலில் தங்கினார் என்று பிரிட்டனில் செய்தி வந்து, அப்புறம் நிகழ்ச்சியில் விளக்கக் குறிப்பு சேர்த்தார்கள். பலருக்கு அதுமுதல் அவர் பொழுதுபோக்குக்காரர் ஆகிவிட்டார். அப்போதும் பார்த்தார்கள், நம்பவில்லை. இதே மாதிரி நிகழ்ச்சி நடத்திய கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரவுட் கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு தனியாகப் போவார். ஒரு மலையேறும் காட்சி எடுக்க, கேமராவை வைத்துவிட்டு ஏறி, மறுபடி இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவரிடம் பரபரப்பு கம்மி. சந்தேகம் அதைவிடக் கம்மி.

மீன்பிடி நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடித்தவர் 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' ஜெரமி வேட். 2009 முதல் 2017 வரை ஓடியது. இந்திய-நேபாள எல்லையில் காளி ஆற்றில் ஆளுயரக் கெளுத்தி வகை மீனைத் தேடி வந்தாரே, அவர்தான். உள்ளூர் மீனவர் பேசும்போது இவர் சும்மா இருந்து கேட்பார். பிடித்த மீனைப் பெரும்பாலும் தண்ணீரில் விட்டுவிடுவார், விடும் முன் மீனுக்கு மூச்சு வரும்வரை தண்ணீரிலேயே பிடித்து வைத்திருப்பார். குறை என்றால் எடிட்டிங்தான். 'ஆட்கொல்லி', 'ராட்சசன்' என்று முரசு அடித்துக்கொண்டே இருப்பார்கள், விளம்பர இடைவேளைக்கு முன்னால் தண்ணீர் ஒரு முறை கலங்கும், வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதே தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், அந்தத் தந்திரத்தை ஒரு வீடியோவில் ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை ஏமாந்தவன் மூன்றாவது தடவைக்கு இருக்க மாட்டான்.

முதலை நிகழ்ச்சி நடத்திய ஆஸ்திரேலியாக்காரர் ஸ்டீவ் இர்வினைப் பற்றி எங்கள் பக்கம் பேசும்போது குரலே மாறும். 2006 செப்டம்பர் 4 அன்று திருக்கை வால் முள் குத்தி இறந்தார். வலையில் திருக்கை ஏறினால் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பதே அந்த முள்ளைத்தான், அதனால் அவர் சாவு இங்கே யாருக்கும் தூரத்துச் செய்தியாக இல்லை. அவர் சத்தம் போடுவார், முதலையின் மேல் பாய்வார், ஆனால் விலங்கின் மேல் அவருக்கு இருந்த ஆசை கண்ணில் தெரியும். சத்தம் போடுவதாலேயே ஒருவரைப் பிடிக்காமல் போய்விடாது என்பதற்கு அவர்தான் உதாரணம். இவரைப் பார்த்து இன்று கத்துகிற பையன்களிடம் சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை. 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பர்மா மலைப்பாம்பு பெருகி, காட்டில் இருந்த முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. பாம்பு பிடிக்க அவர்கள் வைத்திருந்த போட்டி, பரிசு, கருவி எல்லாம் தோற்ற இடத்தில், இவர்கள் கம்பியும் கண்ணுமாக இறங்கி முதல் எட்டு நாளில் 13 பாம்பு பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தி வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். அவர்கள் கேமராவைப் பார்ப்பதே இல்லை. புல்லில் கிடக்கும் தடத்தைப் பார்க்கிறார்கள், குனிகிறார்கள், தோண்டுகிறார்கள். பார்ப்பவனும் தன்னை அறியாமல் குனிந்து பார்ப்பான்.

நீங்கள் படமெடுக்கப் போகும் இடத்துக்கு வருவோம், எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று போய் வீடியோ எடுப்பவர்களிடம் உள்ளூர்க்காரனுக்கு முதலில் பிடிக்காமல் போவது பின்னணி இசை. வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம், பறை, மெதுவாக நடந்து வரும் நான்கு பேர். காலை நான்கு மணிக்குக் காசிமேட்டு ஏலத்தில் தலைக்கூடை தூக்கி நிற்கிற அக்காவுக்கு எதற்கு ரவுடி இசை? அதை ஒரு முறை போட்டவனை இந்தப் பக்கம் மறக்க மாட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த இசையை நான் போடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். இயந்திரச் சத்தம், அலை, ஏலக்காரர் குரல் இவையே போதும். ஏலக்குரலை மட்டும் நறுக்காமல் விட்டுப் பாருங்கள், வரைபடத்தில் கோடு நிமிர்ந்து நிற்கும்.

அடுத்தது கூட வருகிறவர். ஃபைபர் படகுக்காரர் இடம் காட்டுவார், நீரோட்டம் சொல்வார், இரை கொடுப்பார், மீன் மாட்டினதும் முள் கழற்றிக் கொடுப்பார். வீடியோவில் அவர் கை மட்டும் வரும். "பாருங்க ஃபிரெண்ட்ஸ், நான் பிடிச்ச கொடுவா" என்று இன்னொருவர் பேசுவார். பார்ப்பவர்கள் ஏமாளிகள் என்று நினைக்காதீர்கள். "அந்தப் பெரியவர் யாரு, அவரைப் பேச விடுங்க" என்று கீழே எழுதுவார்கள். அவரைப் பேசவிட்டால் வீடியோ உயரும், இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தென் கடற்கரையில் 'உங்கள் மீனவன்', 'தூத்துக்குடி மீனவன்' மாதிரி சேனல்கள் இத்தனை பேரைச் சேர்த்ததற்கு முக்கியக் காரணம், பேசுகிறவரும் பிடிக்கிறவரும் ஒரே ஆள் என்பதுதான். நீங்கள் மீனவர் வீட்டுப் பிள்ளை இல்லையென்றால் அப்படி நடிக்க வேண்டாம். தெரியாததை அண்ணனிடம் கேட்கிற பையனாகவே இருங்கள், பிடிக்கும். படகுக்கூலியோடு அவர் நேரத்துக்கும் காசு கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லலாமா என்று அவரையே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இடத்தைக் காட்டிக்கொடுப்பது. கடலுக்கடியில் பாறை இருக்கிற இடத்துக்கு 'பார்' என்று பெயர், மீன் அங்கேதான் தங்கும். ஒவ்வொரு பாரும் யாரோ ஒருத்தர் அப்பன் காலத்திலிருந்து கரையில் அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தது. ஜிபிஎஸ் எண்ணோடு திரையில் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே முப்பது தூண்டில் ராடு நிற்கும். அமெரிக்க வேட்டை ரசிகர்களும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள்: டிவிக்காரன் வந்துபோன பள்ளத்தாக்கில் அடுத்த வருடம் கால் வைக்க இடமில்லை என்று. எண்ணூர் என்று சொல்லுங்கள், எந்தக் கல்லிலிருந்து என்று சொல்ல வேண்டாம்.

பழவேற்காட்டில் இன்னும் கவனம் தேவை. அந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு, தலைமுறை தலைமுறையாக நடப்பது. பார்க்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் அது அன்றைக்கு ஒருத்தருடைய சோறு. அங்கே போய் லூர் என்கிற பொய் இரையை வீசிவிட்டு "யாரும் இல்லாத இடம் ஃபிரெண்ட்ஸ்" என்று பேசினால் கரைக்கு வரும்போது ஆள் நிற்கும். கேட்டுவிட்டு இறங்கினால் அவர்களே டீ வாங்கிக் கொடுப்பார்கள், அதுவும் உண்மை. பாடு பிரிக்கிற அன்று அனுமதி கிடைத்து அதைப் படம் பிடித்தால், பத்துக் கொடுவா பிடித்ததைவிட நல்ல வீடியோ அது.

அதே தண்ணீரில் இருளர் பெண்கள் இடுப்பளவு ஆழத்தில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விடுவார்கள். தூண்டில் சேனல்களில் நரம்பு சுற்றும் ரீலை எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக் காட்டினாலும் இதற்கு ஈடாகாது. ஆனால் கேமராவை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு "எவ்வளவு கஷ்டம் பாருங்க" என்று அழுகுரலில் பேசும் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பார்ப்பவர்களுக்கும் ஆகவில்லை. அவர்கள் செய்வது திறமை, அதைத் திறமையாகக் காட்டுங்கள்.

அப்புறம் எண்ணூரின் நிலைமை. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. இதையெல்லாம் பிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டுச் சொர்க்கம் மாதிரிக் காட்டினால் இங்கேயே இருப்பவன் சிரிப்பான். ஒவ்வொரு வீடியோவிலும் புலம்பச் சொல்லவில்லை. தூரத்தில் புகைபோக்கி தெரிந்தால் தெரியட்டும், அதை மறைக்கக் கேமராவைத் திருப்ப வேண்டாம். பிடித்த மீனில் எண்ணெய் வாடை அடித்தால் அடிக்கிறது என்று சொல்லுங்கள்.

பெண்கள் தூண்டில் போடும் வீடியோவுக்கு வரும் கமெண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண் தவறினால் "அடுத்த தடவை பாத்துக்கலாம் தலைவா", பெண் தவறினால் உடுப்பைப் பற்றிப் பேச்சு. வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் பெண்களுக்கு விழும் வசவும் ஆண்களுக்கு விழுவதைவிட மோசம்தான். உங்கள் சேனலில் அக்கா தங்கை யாராவது வந்தால் கமெண்ட்டைக் கவனித்துத் துடைத்துக்கொண்டே இருங்கள்.

மீனைக் கையாளும் விதத்தில் இப்போது பார்ப்பவர்கள் ரொம்பக் கறாராகிவிட்டார்கள். விடப்போகிற மீனை உலர்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய்விடும், அதுதான் அதற்குத் தோல் காப்பு. கையை நனைத்துக்கொள்ளுங்கள், கல்லில் போட்டுப் புரட்டாதீர்கள், போட்டோவுக்காக ஒரு நிமிடம் வெயிலில் தொங்கவிடாதீர்கள். சாப்பிடப் போவதென்றால் உடனே கொன்றுவிடுங்கள், துடிக்கவிட்டு அதன் மேல் பாட்டுப் போடாதீர்கள். வலியில் துடிக்கும் விலங்கை நீளமாகக் காட்டினால் விளம்பர வருமானம் நிற்கவும் வாய்ப்பு உண்டு. அறுந்த தூண்டில் நரம்பைப் பாறையில் விட்டுவிட்டு வருவதைக் கேமரா காட்டிவிட்டால், அதற்குக் கீழே வரும் திட்டு முழுக்க நியாயமானது.

சட்ட விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வதுகூட அதில் வரும். உடும்பு, ஆமை, கடல் அட்டை, கடல் குதிரை, திமிங்கலச் சுறா, வேளாச் சுறா எல்லாம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. தெரியாமல் வலையில் ஏறியதென்றால் உயிரோடு விடுவதைக் காட்டுங்கள், தோளில் போட்டு போஸ் கொடுக்காதீர்கள். நியூஜென்ட் கதை நினைவிருக்கட்டும், சாட்சியை அவரேதான் எடுத்துக்கொடுத்தார். துறைமுகத்தை ஒட்டி அனுமதி இல்லாமல் ட்ரோன் விடாதீர்கள். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும், அலை ஏறும் நாளில் மேலே நின்று சாகசம் காட்டினால் பார்க்கிற சின்னப் பையனும் அங்கேயே வந்து நிற்பான்.

கடைசியாகத் தேதி. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் லாஞ்ச் வீடியோ போட்டால் பழைய சரக்கு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், கமெண்ட் முழுக்க அதுதான் இருக்கும். அதற்குப் பதில் காசிமேட்டில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதையும் வலை பொத்துவதையும் எடுங்கள். தடைக்காலம் முடிகிற ராத்திரி ஐஸ் ஏற்றுவதை எடுக்க வேண்டுமானால் இப்போதே ஒரு லாஞ்ச் ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் திரும்பிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.